ஐந்து நிமிடச் சாட்சியத்தை நம்பி ஒரு நாட்டுக்கு முத்திரை குத்தலாமா? நைஜீரியாவை முன்வைத்து ஒரு விவாதம்

கடல்நாரை (மதுரை):

நான் தொழிலில் வழக்கறிஞர். கூண்டில் நிற்பவரிடம் எதைக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் என் பிழைப்பு. வெளிநாடுகளில் மத சுதந்திரம் எப்படி இருக்கிறது என்று அமெரிக்கக் காங்கிரஸ் குழுக்கள் நிபுணர்களை அழைத்துக் கேட்கும் காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம், எழுந்து நின்று ஆட்சேபணை சொல்லக் கை பரபரக்கிறது.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 மார்ச் 12 அன்று பிரதிநிதிகள் சபையின் ஆப்பிரிக்கத் துணைக்குழு, கிறிஸ் ஸ்மித் தலைமையில், நைஜீரியா பற்றி விசாரித்தது. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையான பெனுவே மாநிலத்தின் மக்குர்டி கத்தோலிக்க ஆயர் வில்பிரட் அனாக்பே தம் மக்கள் கொல்லப்படுவதைச் சொன்னார். அக்டோபர் 31 அன்று டிரம்ப் நைஜீரியாவை 'தனிக் கவலைக்குரிய நாடு' என்று அறிவித்தார். மத சுதந்திரத்தை மிகக் கடுமையாக மீறும் நாடுகளுக்கு அமெரிக்கா குத்தும் முத்திரை அது. நவம்பர் 20இல் அதே துணைக்குழு மறுபடியும் கூடியது. டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில், ஐ.எஸ். குழுவினரை அடித்ததாக அமெரிக்கா அறிவித்தது. தன் ஒத்துழைப்போடுதான் நடந்தது என்று நைஜீரிய அரசும் சொன்னது.

அடி விழுந்த இடம் எது? வடமேற்கு மூலையில் உள்ள சோகோட்டோ. ஆயர் அழுதது பெனுவேக்காக. இரண்டுக்கும் நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கு மேல். சோகோட்டோவில் வாழ்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். ஏவுகணையின் எரிந்த துண்டுகள் ஜாபோ என்ற சிற்றூரின் வயலில் விழுந்தன. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு குழுவே கிடையாதே என்று அந்த ஊரார் நிருபர்களிடம் சொன்னார்கள். முழங்காலில் வலி என்று போனவனுக்குத் தோளில் ஊசி போட்ட கதை.

சாட்சியம் எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம். மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. எழுதிக் கொடுத்த அறிக்கை பதிவில் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். சாட்சிகளில் பெரும்பாலோரைப் பெரும்பான்மைக் கட்சி அழைக்கும். எதிர்க்கட்சிக்கு வழக்கமாக ஓர் இடம். நாம் அறிந்த குறுக்கு விசாரணை அங்கே கிடையாது. உறுப்பினருக்கும் ஐந்து நிமிடம், அதில் பாதியை அவரே பேசித் தீர்த்துவிடுவார். மாவட்ட முன்சீப் கூட இதை வைத்து வரப்புத் தகராறைத் தீர்க்க மாட்டார்.

யாழ்நிலவன் (மட்டக்களப்பு, இப்போது டொரன்டோ):

அக்கா, நீங்கள் நீதிமன்ற முழக்கோலால் வேறொன்றை அளக்கிறீர்கள். நாடாளுமன்றக் குழு தண்டனை கொடுக்கும் இடம் அல்ல. ஊரில் எந்தக் கதவும் திறக்காதபோது ஒருவன் போய்த் தட்டுகிற கதவு.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது என் சின்னம்மா சமையலறையில் நின்றாராம். கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கொஞ்ச நேரம் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன என்று இன்றைக்கும் சொல்வார். இந்தியப் புலனாய்வு அமைப்பு அந்த மாதத் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை எந்த மேசையில் தூங்கியது என்பது எங்களுக்கு எப்படித் தெரிந்தது? நாடாளுமன்றத் தெரிவுக்குழு கேமராக்களுக்கு முன்னால் அதிகாரிகளை அழைத்துக் கேட்டதால். தேசியப் பாதுகாப்புச் சபை ஒழுங்காகக் கூடவே இல்லை என்று அங்கேதான் வெளியே வந்தது. சாட்சியம் சொன்ன புலனாய்வுத் தலைவர் பதவி இழந்தார். அதிகாரிகளை இனி அனுப்பமாட்டேன் என்று ஜனாதிபதி சிறிசேன முரண்டு பிடித்தார். ஒன்றுக்கும் உதவாத சடங்கு என்றால் அவர் ஏன் அவ்வளவு பதற வேண்டும்?

பெனுவே ஆயருக்குத் தன் நாட்டு நாடாளுமன்றத்தில் அந்தக் கதவு திறக்கவில்லை. அதனால் வாஷிங்டன் போனார். ஏவுகணை எங்கே விழுந்தது என்பதற்கு அவரைக் கேட்காதீர்கள்.

செங்கல்:

எல்லாம் எண்ணெய்க்காக. இதற்கு ஏன் இவ்வளவு எழுத்து?

தரவுக்காரன்:

செங்கல், எண்ணெய்க் கிணறுகள் தெற்கே நைஜர் டெல்டாவில் இருக்கின்றன, சோகோட்டோவில் அல்ல. வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

யாழ்நிலவன், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் வாஷிங்டனில் ஒலித்த கதைக்கும் தரவுக்கும் இடைவெளி பெரிது. ஆக்லெட் என்ற மோதல் தரவு அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வில், நைஜீரியாவில் பொதுமக்கள் மீது பதிவான தாக்குதல்களில் கிறிஸ்தவர் என்ற அடையாளத்துக்காகவே குறிவைக்கப்பட்டவை ஏறக்குறைய 5 சதவீதம் என்றது.

போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு யாரைக் கொன்றது? 2014 நவம்பர் 28, வெள்ளிக்கிழமைத் தொழுகையில் கானோ பெரிய மசூதியில் குண்டு வெடித்து 100 பேருக்கு மேல் மாண்டார்கள். 2020 நவம்பர் 28, போர்னோவின் சபர்மாரியில் நெல் அறுத்துக்கொண்டிருந்த குறைந்தது 43 விவசாயிகளின் கழுத்தை அறுத்தார்கள். சம்ஃபாராவில் ஊர் ஊராகக் கொள்ளையடித்து ஆள் கடத்தும் கும்பலும் முஸ்லிம்கள், கடத்தப்படுபவர்களும் முஸ்லிம்கள். 2025 நவம்பர் 17 அன்று கெப்பி மாநிலத்தின் மாகா என்ற ஊரில் விடுதிப் பள்ளியிலிருந்து 25 மாணவிகளைத் தூக்கிப் போனார்கள், முஸ்லிம் பெண்கள். நான்கே நாளில் பாபிரி கத்தோலிக்கப் பள்ளியில் 300 பேருக்கு மேல் கடத்தப்பட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவன் 'கிறிஸ்தவப் படுகொலை' என்ற ஒற்றைத் தலைப்பை எப்படிப் போடுவான்?

நவம்பர் விசாரணையிலேயே ஓகே ஒனுபோகு என்ற ஆய்வாளர், நைஜீரியாவை ஒற்றைக் கதையாகச் சுருக்க வேண்டாம் என்றுதான் எச்சரித்தார். ஹட்சன் ஆய்வு நிறுவனத்தின் நீனா ஷே மறுபக்கம் நின்று கிறிஸ்தவர்கள் குறிவைக்கப்படுவதை அழுத்திச் சொன்னார். அப்படியானால் அறைக்குள் இரண்டு குரலும் இருந்திருக்கின்றன. வெளியே போனது ஒன்றுதான்.

பழைய வாத்தியார்:

தம்பிகளே, நான் 1979 முதல் 1986 வரை ஜோஸ் நகரத்தில் கணக்கு வாத்தியார். எண்ணெய்ப் பணம் புரண்ட காலம். இந்தியாவிலிருந்து எங்களைப் போல எத்தனையோ ஆசிரியர்கள் வேலைக்குப் போனோம். ஜோஸ் மேட்டு நிலம், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல். கும்பகோணத்தில் ஸ்வெட்டரே பார்த்திராத நான் அங்கே போய் முதல் மாதச் சம்பளத்தில் ஒன்று வாங்கினேன். டிசம்பரில் பாலைவனத்திலிருந்து ஹர்மட்டான் காற்று வரும். விடைத்தாளைத் திருத்தி வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் தாள்மேல் மாவு போலத் தூசி படிந்திருக்கும்.

சந்தையில் பெரோம் இனப் பெண்கள் உருளைக்கிழங்கு விற்பார்கள். ஹவுசா வியாபாரிகள் வெங்காயம். மாடு மேய்க்கும் முஸ்லிம்களான ஃபுலானி இனப் பெண்கள் தலையில் சுரைக்குடுக்கையைச் சுமந்து வந்து புளித்த பாலை அளந்து ஊற்றுவார்கள். அறுவடை முடிந்ததும் ஃபுலானிக்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு இறங்குவார்கள். மாடு அறுத்த பயிரின் தாளைத் தின்னும், சாணம் வயலுக்கு. நம் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போடுவது போலத்தான். நெல்லும் பணமும் வாங்கிக்கொண்டு கிடை போடுகிறவனுக்கும் வயல்காரனுக்கும் சண்டையே வராதா? வரும். ஊர்ப் பெரியவர் இரண்டு பக்கமும் திட்டி அனுப்புவார்.

அந்தப் பெரியவர் இல்லாமல் போனதுதான் விஷயம் என்பது என் எண்ணம். மழை பொய்த்தது, மாட்டுப்பாதையை மறித்து உழுதார்கள், மாட்டுக்காரன் கையில் கோலுக்குப் பதில் தானியங்கித் துப்பாக்கி வந்தது. 2001 செப்டம்பரில் ஜோஸ் கலவரத்தில் ஆயிரம் பேர் அளவில் செத்தார்கள். என்னிடம் படித்த இருவர், ஒரே பெஞ்சு, ஒருவன் பெரோம் கிறிஸ்தவன், ஒருவன் ஹவுசா முஸ்லிம். இரண்டு பேர் வீடும் எரிந்தது. இரண்டு பேரும் எனக்குக் கடிதம் எழுதினார்கள். தன் மதத்துக்காகத்தான் தன் வீடு எரிந்தது என்று இருவருமே எழுதியிருந்தார்கள். எவன் கடிதத்தைப் பொய் என்பேன்?

தரவுக்காரர் தம்பி, உங்கள் 5 சதவீதத்தில் இந்த இரண்டு கடிதமும் எந்தக் கட்டத்தில் விழும்?

தரவுக்காரன்:

ஐயா, நியாயமான கேள்வி. மத நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்தால்தான் அந்தக் கட்டத்தில் சேர்ப்பார்கள். இரவில் வந்து சுட்டுவிட்டுப் போனவன் நோக்கத்தைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. அந்த எண் குறைந்தபட்சக் கணக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு.

கடல்நாரை:

வாத்தியார் ஐயா, கிடை போடுவதைச் சொல்லி என் வாதத்தையே கொஞ்சம் அசைத்துவிட்டீர்கள். இருந்தாலும் சட்டத்துக்குள் வருகிறேன், ஏனென்றால் சட்டத்தை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

1998 அக்டோபரில் கிளின்டன் கையெழுத்திட்ட சர்வதேச மத சுதந்திரச் சட்டம் கேட்பது ஒரே கேள்வி. அங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்பதல்ல. அந்த *அரசு* மத சுதந்திரத்தை மிகக் கடுமையாக மீறியதா, அல்லது மீறலைப் பொறுத்துக்கொண்டதா? அரசின் கை தேடினால் நைஜீரியாவில் தெளிவாகக் கிடைக்கிறது. வடக்கே 12 மாநிலங்களில் ஷரியா குற்றவியல் சட்டம். 2020இல் கானோவில் யஹாயா ஷரீஃப் அமினு என்ற சூஃபி பாடகருக்கு, பகிர்ந்த ஒரு பாடலில் மத நிந்தனை இருக்கிறதென்று மரண தண்டனை. முபாரக் பாலா என்ற நாத்திகருக்கு 2022இல் 24 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் குறைந்து 2025 ஜனவரியில்தான் வெளியே வந்தார். 2015 டிசம்பரில் சாரியா நகரில் ராணுவமே ஷியா பிரிவினர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. 347 உடல்களை ஒரே குழியில் புதைத்ததை மாநில விசாரணை ஆணையத்தின் முன் அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள்.

பாடகர், நாத்திகர், ஷியாக்கள். மூவரும் முஸ்லிம் சமூகத்தில் பிறந்தவர்கள். சட்டத்தின் எழுத்துப்படி இவைதான் வலுவான வழக்கு. இவற்றை அறிக்கைகளில் எழுதுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தலைப்புச் செய்தியாக மேடையேறியது இவர்களா?

இன்னொன்று. இந்த முத்திரையே காற்றடிக்கும் பக்கம் திரும்புகிற சேவல். 2020 டிசம்பரில் பட்டியலில் சேர்த்தார்கள். 2021 நவம்பரில், வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் நைஜீரியத் தலைநகர் அபுஜா போன அதே வாரம் எடுத்தார்கள். 2025இல் மறுபடியும் சேர்த்தார்கள். இடையில் நைஜீரியா மாறவில்லை, வெள்ளை மாளிகைதான் மாறியது. சவூதி அரேபியா 2004 முதல் பட்டியலில் இருக்கிறது, தேச நலன் என்ற பெயரில் விலக்கும் கூடவே. இந்தியாவைச் சேர்க்கச் சொல்லி அவர்களுடைய மத சுதந்திர ஆணையம் 2020 முதல் ஆண்டுதோறும் பரிந்துரைக்கிறது, வெளியுறவுத் துறை காதில் வாங்குவதில்லை. இதே சட்டத்தைக் காட்டித்தான் 2005இல் அப்போதைய குஜராத் முதல்வர் மோடிக்கு விசா மறுத்தார்கள். அவர் பிரதமரானதும் சிவப்புக் கம்பளம்.

யாழ்நிலவன்:

அக்கா, 'பொறுத்துக்கொண்டதா' என்ற சொல்லை நீங்களே என் கையில் கொடுத்துவிட்டீர்கள். நன்றி.

பெனுவே அரசு 2017 நவம்பரில் திறந்தவெளி மேய்ச்சலைத் தடை செய்தது. 2018 புத்தாண்டு அன்றே கொலைகள், செய்தவர்கள் மேய்ச்சல்காரர்கள் என்று சந்தேகம். ஜனவரி 11 அன்று மக்குர்டியில் 73 பேரை ஒன்றாகப் புதைத்தார்கள். லாரிகளில் சவப்பெட்டிகளை அடுக்கிக் கொண்டுவந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் 24 விடியற்காலை அயார் இம்பலோம் என்ற சிற்றூரில் திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு குருக்கள் உட்பட 19 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருப்பலிக்குள் புகுந்து சுடுகிறவன் எந்த மாட்டுப்பாதையைத் தேடுகிறான்?

2025 ஜூன் 13 இரவு, அதே பெனுவேயின் எல்வாட்டா. ஏற்கெனவே ஊரை விட்டு ஓடிவந்து சந்தைக் கட்டடங்களில் படுத்திருந்தவர்கள். கதவைப் பூட்டிய கடை அறைகளுக்குள் குடும்பங்கள் வெந்து கிடந்தன. செத்தவர்கள் குறைந்தது 100 பேர் என்றது மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி. சேமித்து வைத்த தானியமும் கிழங்கும் சேர்ந்து எரிந்தன. ஏழு ஆண்டுகளில் ஒரு மாநிலத்தில் இத்தனை முறை நடந்தால், தடுக்க வேண்டியவனுக்கு என்ன பெயர்? உங்கள் சட்டம் அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. பாடகர் வழக்கில் அரசு *மீறியது*. பெனுவேயில் அரசு *பொறுத்துக்கொண்டது*. இரண்டும் ஒரே வாக்கியத்தில்தானே இருக்கின்றன.

சாட்சியம் சொல்வது ஆயருக்குச் சும்மா கிடைத்த மேடை என்று நினைக்காதீர்கள். மார்ச்சில் பேசினார், மே மாதக் கடைசியில் அவர் பிறந்த ஊரான அவோண்டோனா தாக்கப்பட்டது. ஒன்றால் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து எழுந்து வந்து பேசினார் என்கிறேன்.

தரவுக்காரன்:

சாட்சியின் துணிவு ஒன்று, சாட்சியத்தின் உண்மை வேறு. 1990 அக்டோபர் 10 நினைவிருக்கிறதா? நயிரா என்று மட்டும் அறிமுகமான 15 வயதுப் பெண், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னால், ஈராக் வீரர்கள் குவைத் மருத்துவமனையில் இன்குபேட்டர்களிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டதைக் கண்டதாக அழுதாள். அப்போதைய ஜனாதிபதி, மூத்த புஷ், அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். போர் முடிந்து, 1992இல்தான் அவள் அமெரிக்காவிலிருந்த குவைத் தூதரின் மகள் என்பதும், ஏற்பாடு செய்தது ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் என்பதும் வெளியாயின.

பழைய வாத்தியார்:

தரவுக்காரரே, இது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும் 73 சவப்பெட்டிகளையும் ஒரே பத்தியில் வைக்காதீர்கள். அது எல்வாட்டாவில் வெந்தவர்களையும் பொய்யர் வரிசையில் நிறுத்துவது போல் இருக்கிறது.

கடல்நாரை:

ஐயா சொல்வது சரி. தரவுக்காரன், சட்டப்படியும் உங்கள் உதாரணம் சற்றுப் பிசகு. நயிரா பேசியது முறையான குழு முன்னிலையில் அல்ல. மனித உரிமைக் குழுமம் என்ற உறுப்பினர் கூட்டமைப்பு. சத்தியப் பிரமாணம் இல்லை. முறையான குழுவுக்கு வரும் அரசு சாரா சாட்சி இப்போது விசாரணைப் பொருளோடு தொடர்புள்ள அமெரிக்க அரசு மானியமோ வெளிநாட்டு அரசுப் பணமோ பெற்றிருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக, வடிகட்டி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நான் முதல் பதிவில் அதைச் சொல்லாமல் விட்டேன்.

யாழ்நிலவன், எல்வாட்டா பற்றி நீங்கள் எழுதியதை இரவு மூன்று முறை படித்தேன். 'பொறுத்துக்கொண்டது' பெனுவேக்குப் பொருந்தும். ஒப்புக்கொள்கிறேன். முத்திரை குத்த அது போதுமா என்று கேட்டால், போதும் என்றே எழுதுவேன். ஏவுகணைக்குப் போதுமா? அங்கே மாட்டேன். அந்தச் சட்டம் ஜனாதிபதிக்கு முன் வைக்கும் நடவடிக்கைகளில் கண்டனக் குறிப்பு இருக்கிறது, உதவியை நிறுத்துவது இருக்கிறது, வர்த்தகத் தடை இருக்கிறது. குண்டு இல்லை. ஜாபோ வயலில் விழுந்தது வேறு அதிகாரத்தின் கீழ் வந்தது. ஆனால் அதற்கு மனத்தளவில் வழி போட்டது சாட்சியத்திலிருந்து பிய்த்தெடுத்த ஒற்றை வரி. ஆயர் எழுதிக் கொடுத்த அறிக்கை முழுவதையும் எத்தனை உறுப்பினர்கள் படித்திருப்பார்கள்?

செங்கல்:

வரைபடம் பார்த்தேன். டெல்டா தெற்கேதான். அப்படியானால் ஏன் சோகோட்டோ?

தரவுக்காரன்:

நைஜர் நாட்டு எல்லை பக்கத்தில் இருக்கிறது. சாஹேல் என்ற, சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்புப் பகுதியின் ஆயுதக் குழுக்கள் அந்த வழியாக உள்ளே வருகின்றன என்பதுதான் கவலை. இது பாதுகாப்புக் காரணம், நியாயமானதாகவும் இருக்கலாம். அதை அப்படியே சொல்லிவிட்டுப் போயிருந்தால் கிறிஸ்துமஸ் தேவைப்பட்டிருக்காது.

யாழ்நிலவன்:

இதில் உங்களோடு நிற்கிறேன். எங்கள் ஊரிலும் ஈஸ்டருக்குப் பிறகு யாரோ செய்ததற்காக மே மாதத்தில் வடமேற்கு மாகாணத்து முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். சீயோன் தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் எவரும் அதைக் கேட்கவில்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன். உங்களை அந்தத் துணைக்குழுவில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் தந்தால், ஆயரிடம் என்ன கேட்பீர்கள்?

கடல்நாரை:

மூன்று கேள்வி. அயார் இம்பலோம் கொலைக்குப் பிறகு முதல் தகவல் அறிக்கை எந்தக் காவல் நிலையத்தில் பதிவானது, யார் மேல்? எல்வாட்டாவிலிருந்து மிக அருகிலுள்ள படைமுகாம் எத்தனை கிலோமீட்டர், அன்றிரவு எத்தனை மணிக்கு அழைத்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள்? கடைசியாக, உங்கள் மக்களுக்கு அமெரிக்கா எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?

பழைய வாத்தியார்:

கடைசிக் கேள்வியை முதலில் கேளுங்கள், அம்மா. சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.